பலகை மாறலாம், வளைவு மாறக் கூடாது

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் ஆதனக்கோட்டை முந்திரியும் நினைவுக்கு வரும்; கடல் வராது. ஆனால் மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு, கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பாக் விரிகுடாவை ஒட்டிச் செல்கிறது. ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி பத்துப் பதின்மூன்று மீட்டரைத் தாண்டாது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. மீனுக்கு அது இனப்பெருக்கக் காலம்; படகுக்கு மராமத்துக் காலம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுகளைக் கரையேற்றி, ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டி, பழுதான பலகையைக் கழற்றிப் புதிது போட்டு, இடுக்குகளில் பஞ்சடித்து, வர்ணம் பூசுவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதே வேலைக்கு வேறொரு முகம் இருக்கிறது. நூறு வயதான மரப் பாய்மரப் படகுகளை, அதாவது யாட் எனப்படும் பந்தய, உல்லாசப் படகுகளை, பல ஆண்டுகள் உழைத்துப் பெரும் பணம் செலவழித்து மீட்டெடுக்கிறார்கள். இரண்டுக்கும் பணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் மரம் ஏன் கெடுகிறது, கெட்டதை எப்படிச் சரிசெய்வது என்ற அறிவியல் இரண்டு இடத்திலும் ஒன்றேதான். அதைப் பின்தொடர்ந்து போனால், மரப்படகில் கடைசிவரை காப்பாற்ற வேண்டியது எது என்ற கேள்விக்கு எதிர்பாராத ஒரு விடை கிடைக்கிறது.

மேலே மழை, நடுவே வெயில், அடியில் புழு

மரப்படகின் உடலை மேலிருந்து கீழாக மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி எதிரி.

மேல்தளத்துக்கும் அறைக்கும் எதிரி மழைநீர். மரத்தை மக்கச் செய்வது பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும். மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. முழுக்க நீரில் மூழ்கிய மரத்தில் காற்றில்லை, அங்கும் வளராது. உப்பும் அதற்கு ஆகாது. எனவே கடல்நீரில் கிடக்கும் அடிப்பலகையைப் பூஞ்சை பெரும்பாலும் தொடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை நீர் இறங்கித் தேங்கும் மேல்தள மூலைகளிலும், அறைச் சுவர் தளத்தோடு சேரும் இடத்திலும், விலா மரங்களின் மேல்நுனியிலும்தான் அழுகல் தொடங்கும். பழைய மாலுமிகள் மேல்தளத்தைக் கடல்நீர் ஊற்றியே கழுவியதற்கும், அமெரிக்க மீன்பிடிக் கப்பல்களில் விலா மரங்களுக்கு இடையே உப்பைக் கொட்டி நிரப்பி வைத்ததற்கும் இதுதான் காரணம். நல்ல தண்ணீர் மனிதனுக்கு நல்லது, படகுக்குக் கெட்டது.

நடுப்பகுதிக்கு எதிரி வெயில். வெட்டிய மரம் காயும்போது முதலில் உயிரணுக்களின் உட்குழிகளில் உள்ள நீர் போகும்; அதுவரை மரம் சுருங்காது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் உயிரணுச் சுவர்களில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். அங்கிருந்து சுருக்கமும் தொடங்கும். அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. நீளவாக்கில் ஏறக்குறைய இல்லை; ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே கொஞ்சம்; வளையங்களின் போக்கில் அதைப்போல இரண்டு மடங்கு. நிதானமான மரம் என்று பெயர் பெற்ற தேக்கிலேயே 20 செ.மீ. அகலப் பலகை 30 சதவீத ஈரத்திலிருந்து 15-க்கு இறங்கினால், அறுத்த விதத்தைப் பொறுத்து இரண்டரை முதல் ஐந்து மி.மீ. வரை அகலம் குறையும். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பலகை என்று வையுங்கள். ஒவ்வோர் இடுக்கிலும் வெளிச்சம் தெரியும். மழைக்காலத்தில் இறுகி, கோடையில் தளர்ந்து ஆடும் வீட்டுக் கதவுதான் இதுவும். கதவில் அது தொந்தரவு; படகில் ஓட்டை. அதனால்தான் நீண்ட நாள் கரையில் கிடந்த மரப்படகைத் தண்ணீரில் இறக்கியதும் ஒழுகும். பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால் சில நாளில் பலகைகள் ஊறி, உப்பி, ஒன்றையொன்று நெருக்கி ஒழுகலைத் தாமே நிறுத்திக்கொள்ளும்.

அடிப்பகுதிக்கு எதிரி கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டி, சிப்பி வகையைச் சேர்ந்த உயிர். அதன் ஓடு மட்டும் சுருங்கித் தலைப்பக்கத்தில் இரண்டு சிறு துருவிகளாகிவிட்டது. நீரில் மிதந்து வரும் இதன் இளம்பருவம், வெறும் கண்ணுக்குப் புலப்படாத அளவில் பலகை மீது இறங்கி, குண்டூசி முனை அளவில் துளையிட்டு உள்ளே போகும். போன பிறகு வாசலைப் பெரிதாக்குவதில்லை, உள்ளேதான் வளரும். விரல் தடிமனில், ஒரு சாண் நீளத்துக்குச் சுரங்கம் தோண்டி, சுவரில் சுண்ணாம்புப் பூச்சும் பூசிக்கொள்ளும். மரத்தூளைச் செரிக்கும் நொதிகளை அதற்குக் கொடுப்பவை செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். காற்றிலிருந்து வந்து நீரில் கரைந்த நைட்ரஜனை உணவாக மாற்றித் தருபவையும் அவைதான். வெளியிலிருந்து பார்த்தால் பலகை முழுசாக இருக்கும். கைவைத்து அழுத்தினால் உள்ளே போகும். கொலம்பஸ் தன் கடைசிப் பயணத்தில், 1503-ல், புழு அரித்த இரண்டு கப்பல்களை ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டு ஓராண்டு அங்கேயே மாட்டிக்கொண்டார்.

இந்த மூன்று எதிரிகளும் சேர்ந்து வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை போதும்: படகைச் சும்மா விட வேண்டும். இலங்கைக் கடற்படை பிடித்துக் காரைநகர், மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கம் கட்டிவைத்த தமிழகப் படகுகளின் கதை ஜெகதாப்பட்டினத்தாருக்கும் கோட்டைப்பட்டினத்தாருக்கும் புதிதல்ல. மாதங்கள் ஆண்டுகளாகும். தண்ணீர் இறைக்க ஆளில்லை. அடியைச் சுரண்ட ஆளில்லை. 2022 பிப்ரவரியில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் ஏலத்துக்கு வந்தபோது, பல படகுகள் மறுபடி கடலில் இறக்கும் நிலையில் இல்லை. புயலைத் தாங்கிய மரத்தை நங்கூரக் கயிறு கொன்றுவிட்டது. மாறாக, ஆண்டுக்கு ஒருமுறை கரையேற்றிக் காயவைத்தாலே, மரத்துக்குள் இருக்கும் புழு காற்றில் செத்துவிடும். ஆற்று நீர் கலந்து உப்புக் குறைந்த கழிமுகத்தில் படகை நிறுத்திவைக்கும் பழைய வழக்கமும் அதே காரியத்தைச் செய்தது.

ஆணி தின்னும் மரம், மரம் தின்னும் ஆணி

பழைய படகைப் பிரிக்கும் ஓடாவி, அதாவது படகுத் தச்சர், பலகையைவிட ஆணியைத்தான் கவனமாகப் பார்ப்பார். இரும்பாணியைச் சுற்றி மரம் கருத்து, ஒரு வளையம் போல நிறம் மாறியிருக்கும். விரல் நகத்தால் கீறினால் பொடியாக வரும். ஆணியும் இடையில் மெலிந்து, கொண்டையும் கூரும் மட்டும் தடித்திருக்கும். இரண்டில் எது எதைத் தின்றது? இரண்டும் இரண்டையும்.

கடல்நீர் ஊறிய மரத்தில் இரும்பு துருப்பிடிக்கும். கரைந்து வெளியேறும் இரும்பு அயனிகள், மரத்தின் நாரான செல்லுலோஸைச் சிதைக்கும் வேதிவினைகளைத் தூண்டிவிடும். ஓக் போன்ற மரங்களில் உள்ள டானின் அமிலம் இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். துருவுக்கு மூல இரும்பைவிடப் பருமன் அதிகம். அது உப்பி மரத்தைப் பிளக்கும். பிளவில் நீர் புகும். ஆணி பிடித்திருந்த துளை பெரிதாகி, பலகை ஆடத் தொடங்கும். இதற்கு மருந்து அதே துளையில் புது ஆணி அடிப்பதல்ல. துளையை நல்ல மரம் வரும்வரை அகலப்படுத்தி, மரமுளை அடித்து மூடி, வேறு இடத்தில் துளையிட வேண்டும். நாகப்பூச்சு ஆணி சில ஆண்டு கூடுதலாகத் தாங்கும். செப்பாணியும் சிலிக்கான் வெண்கல ஆணியும் இன்னும் நீடிக்கும், விலையும் அப்படியே. துருவே பிடிக்காது என்று நம்பப்படும் எவர்சில்வர், ஈர மரத்துக்குள் ஏமாற்றிவிடும். அதைக் காப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனால் உருவாகும் மெல்லிய படலம். காற்றில்லாத ஈர இடுக்கில் அந்தப் படலம் புதுப்பிக்கப்படாமல் உள்ளுக்குள் குழி விழும்.

உலோகங்களின் இந்த விளையாட்டை உலகம் கற்றது ஒரு விபரீதத்தால். புழுவைத் தடுக்க 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு போர்த்தியது. புழு அண்டவில்லை; பாசியும் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டாண்டு கழித்துப் பார்த்தால், தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் கரைந்து போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் தற்செயலாக இடையில் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் ஆணி முழுசாக இருந்தது. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் அது மின்கலம். அதில் பலவீனமான உலோகம் கரையும். 1824-ல் ஹம்ஃப்ரி டேவி இதையே தலைகீழாக்கினார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அது கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் செம்பு அயனி கசிவது நின்றதும் பாசியும் சிப்பியும் வந்து அப்பிக்கொண்டன.

இன்றைய யாட் மராமத்துக்காரர்களுக்கு இதிலிருந்து வந்த மூன்றாவது பாடமும் தெரியும். துத்தநாகக் கட்டிகளை அளவுக்கு மீறிக் கட்டினால், காக்கப்படும் உலோகத்தின் பக்கத்தில் காரம் உருவாகும். அந்தக் காரம் மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைக் கரைத்து, பலகையை வெண்பஞ்சாக்கிவிடும். மரப்படகில் எந்த மருந்துக்கும் ஒரு விலை உண்டு.

முதலில் முதுகெலும்பு

மீட்பு வேலை பலகையைக் கழற்றுவதில் தொடங்குவதில்லை. சுத்தியலால் தட்டிக் கேட்பதில் தொடங்குகிறது. நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். அழுகியது மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வந்த இடத்தில் கூரான ஊசியைக் குத்திப் பார்ப்பார்கள். ஈரமானி வைத்தும் பார்க்கலாம். ஆனால் அது மரத்தில் மின்சாரம் ஓடும் அளவைக்கொண்டு ஈரத்தைக் கணிக்கும் கருவி. உப்பேறிய மரத்தில் மின்சாரம் தாராளமாக ஓடுவதால், காய்ந்த பலகையையும் ஈரம் என்று சொல்லிவிடும். அனுபவமுள்ள காது அந்தக் கருவியைத் தோற்கடிக்கும் இடம் இது.

அடுத்தது வடிவம். படகின் நடுப்பகுதி அகலம். அங்கே நீரின் உந்துவிசை அதிகம். அணியமும் அமரமும், அதாவது முன்னும் பின்னும், ஒடுங்கியவை. அங்கே உந்துவிசை குறைவு, எடையோ குறைவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டு முனைகளும் தொங்கி, நடு மேலெழும். ஏரா எனப்படும் அடிமரமே வில்லாகிவிடும். இந்த வளைவு இருக்கும்போதே பலகையை மாற்றினால், கோணலான படகுக்குப் புதுச் சட்டை தைத்ததாகத்தான் முடியும். அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்' என்ற பழைய போர்க்கப்பலின் அடிமரம் ஓரடிக்கு மேல் வளைந்திருந்தது. 1990-களில் உலர்துறையில் தாங்குகட்டைகள் மீது உட்காரவைத்து, கப்பலின் சொந்த எடையாலேயே அதை மெல்ல நிமிர்த்தினார்கள். பிறகு முதலில் வடிவமைத்தவர் போட்டிருந்த குறுக்குச் சாய்மரங்களை மறுபடி பொருத்தினார்கள். அவற்றை இடையில் யாரோ தேவையில்லை என்று எடுத்துவிட்டிருந்தார்கள்.

வடிவம் நிமிர்ந்ததும் உள்ளே கட்டைகளும் சட்டங்களும் கொடுத்து அதை அசையாமல் நிறுத்த வேண்டும். எல்லாப் பலகையையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைவிட்டு ஒன்று எடுத்து, போட்டு, பிறகு மீதியை எடுக்க வேண்டும். வங்கு எனப்படும் விலா மரங்களுக்கும் அதே முறைதான்.

வங்குக்கு ஓடாவி தேடுவது நேரான மரமல்ல. வேம்பிலும் பூவரசிலும் கருவேலத்திலும் இயற்கையாக வளைந்த கிளையைத் தேடுவார். நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு அந்த இடத்தில் பிளக்கும். வளைந்து வளர்ந்த மரத்தில் நார் வளைவோடு கூடவே போகும். மரக்கடைக்காரர் விறகுக்குத் தள்ளிய கோணல் கிளை படகுக்கு முதல்தரச் சரக்கு.

பலகை வளைக்க வெப்பமும் ஈரமும் தேவை. நீர் ஊறிய மரத்தில் லிக்னின் நூறு டிகிரி அளவில் இளகும். நார்கள் ஒன்றின்மீது ஒன்று சற்றே வழுக்கும். ஆறியதும் அதே நிலையில் உறையும். ஆவிப்பெட்டி வைத்திருப்பவர்கள் அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைப்பார்கள். நம் கரையில் பலகையை நனைத்து நெருப்பில் காட்டி, கயிறு கட்டி இழுத்து வளைப்பதும் அதே இயற்பியல்தான். இளகிய பலகையை வங்கோடு சேர்த்துப் பிடிக்கக் கிடைக்கும் நேரம் சில நிமிடம்.

பிறகு கலப்பத்து. பலகைகளுக்கு இடையே வெளிப்புறம் அகன்று உட்புறம் நெருங்கிய இடுக்கு இருக்கும். அதில் பஞ்சுத் திரியை உளியாலும் மரச் சுத்தியலாலும் அடித்து ஏற்றுவார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்த பூச்சோ, பட்டியோ வரும். கலப்பத்தின் வேலை நீரை அடைப்பது மட்டுமல்ல. பலகைகளைப் பக்கவாட்டில் இறுக்கி, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் பிடித்து, படகின் முழு உடலையும் விறைப்பாக்குகிறது. தளர்வாக அடித்தால் ஒழுகும். அளவு மீறி அடித்தால், ஊறி உப்பும் பலகை தன் வங்குகளையே ஆணியோடு பிடுங்கித் தள்ளும். எந்த இறுக்கத்தில் நிறுத்துவது என்பதைக் கை சொல்லும்; சுத்தியல் ஒலி மாறும்போது காதும் சொல்லும்.

2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் கரையெங்கும் பரவின. மரப்படகுக்கும் மேலே ஃபைபர் போர்த்துவது வழக்கமாயிற்று. மரம் நன்றாகக் காய்ந்து, பூச்சு இறுக ஒட்டினால் புழுவுக்கு அது நல்ல தடை. ஈரமரத்தின் மேல் போர்த்தினாலோ, உள்பக்கமிருந்து மழைநீர் இறங்கினாலோ ஈரம் வெளியே போக வழியின்றித் தங்கும். மரம் உப்பிச் சுருங்கும், ஃபைபர் அசையாது. ஒட்டு விடும். வெளியே பளபளப்பும் உள்ளே சேறுமாகப் படகு முடிந்துபோகும். கேரளக் கரையில் பூசும் முந்திரித் தோட்டு எண்ணெயில் தோலையே புண்ணாக்கும் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருப்பதால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டுவதில்லை, மரமும் மூச்சடைக்காது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை ரப்பர் மரத்துக்குள் அழுத்தத்தில் ஏற்றிப் படகு கட்டிக் காட்டியிருக்கிறது. மலிவான மரத்தையும் கடலில் நிலைக்கவைக்கலாம் என்பதற்கு அது சான்று.

திருகோணமலை என்ற பெயரில் ஒரு தேக்கு

இத்தனைக்குப் பிறகும் ஒரு மரக்கப்பல் எத்தனை காலம் இருக்க முடியும்? பம்பாய்க் கப்பல்துறையில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறக்கிய 'டிரின்கோமலி' என்ற போர்க்கப்பல் இன்னும் மிதக்கிறது. திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல். 1897-ல் உடைத்து விற்கவிருந்தார்கள். ஒருவர் வாங்கிப் பயிற்சிக் கப்பலாக்கினார். 1990 முதல் 2001 வரை இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மீட்டெடுத்தார்கள். ஓக்கைப் போலன்றி இரும்பை அரிக்காத தேக்கின் குணமும், பூஞ்சைக்கு ஆகாத அதன் எண்ணெய்ப் பொருட்களும் இரண்டு நூற்றாண்டைத் தாண்டக் கைகொடுத்தன.

அந்தக் கப்பலின் பிறப்பிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அதற்கான வரைபடங்களை ஏற்றிக்கொண்டு பம்பாய்க்குப் புறப்பட்ட 'ஜாவா' என்ற கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்கள் தோற்கடித்து எரித்தார்கள். எரித்தது, முன்னே சொன்ன அதே 'கான்ஸ்டிட்யூஷன்'. பம்பாயில் திறமைக்கும் தேக்குக்கும் பஞ்சமில்லை, வரைபடக் கோடுகள்தான் இல்லை. மறுநகல் வரும்வரை காத்திருந்தார்கள்.

யாட் உலகில் அண்மையில் அதிகம் பேசப்பட்ட மீட்பும் இதையே சொல்கிறது. 1910-ல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு, 1927-ல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் வென்ற 'டாலி ஹோ' என்ற படகு, அமெரிக்காவில் ஒரு மூலையில் சிதைந்து கிடந்தது. லியோ கூல்டன் என்ற இளம் படகுத் தச்சர் 2017-ல் அதைக் கிட்டத்தட்ட இலவசமாக வாங்கி, ஏழு ஆண்டு உழைத்து 2024-ல் நீரில் இறக்கினார். அடிமரம் புதிது, விலாக்கள் புதியவை, பலகைகள் புதியவை. ஆனால் அதை வடிவமைத்த ஆல்பர்ட் ஸ்ட்ரேஞ்ச் வரைந்த வளைவு பழையது. பழைய உடல் முழுதும் கழிவதற்கு முன்பே அதிலிருந்து அளவெடுத்திருந்ததால் இது முடிந்தது.

சுவீடனின் 'வாசா' இதற்கு நேர் எதிர்ப்பக்கம். 1628-ல் மூழ்கி 1961-ல் எடுக்கப்பட்ட அந்தக் கப்பலின் மரத்தையே காக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைப் பதினேழு ஆண்டு தெளித்தார்கள். இன்றும் அதன் மரத்துக்குள் இரும்பும் கந்தகமும் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. அது அருங்காட்சியகப் பொருள், இனி மிதக்காது. மிதக்க வேண்டிய படகுக்கு மரம் நுகர்பொருள். வளைவுதான் நிலைப்பொருள்.

ஒரு பலகையில் ஒரு படகு

தமிழர் கட்டிய பாய்மரக் கப்பல் யாட் ஆன கதையும் உண்டு. 1930-ல் வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' சரக்கேற்றிச் சென்ற இரட்டைப் பாய்மரக் கப்பல். சிறு படகில் உலகைச் சுற்றி வந்து பெயர் பெற்ற அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதன் அழகில் மயங்கி வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டி, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸின் குளஸ்டர் துறையில் சேர்த்தார்கள். அதைக் கட்டிய மேஸ்திரிகளின் கணக்கு அவர்களுடைய கையில் இருந்தது.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதைப் பாக் விரிகுடாவின் வத்தை என்ற பாய்மரப் படகு காட்டுகிறது. தட்டையான அடி, பெட்டி போன்ற உடல், முக்கோணச் சாயலில் பாய். ஆழமில்லாத கடலில் அடிமரம் நீட்டிக்கொண்டிருந்தால் தரைதட்டும் என்பதால், பக்கவாட்டில் நழுவாமலிருக்கப் பலகைகளை நீருக்குள் இறக்குவார்கள். காற்றில் சாயாமலிருக்கப் படகின் குறுக்கே ஒரு நீண்ட பலகை. காற்று வரும் பக்கம் நீட்டிய அதன் நுனியில் ஆட்கள் போய் உட்கார்ந்து எடை கொடுப்பார்கள். இன்றைய பந்தயப் படகுகளில் வீரர்கள் விளிம்புக்கு வெளியே உடலைத் தொங்கவிடுவதும் அதே நெம்புகோல் தத்துவம்தான். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வில் இந்தச் சமநிலைப் பலகையைப் பதிவு செய்திருக்கிறார்.

கட்டுமாவடிக்கு வடக்கே, தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தை மையமாக வைத்து லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மெக்ரெய்ல் ஆகிய மூவரும் வத்தையை ஆராய்ந்து 1998-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களை வியக்கவைத்தது ஓடாவியின் அளவுப்பலகை. படகின் நடுவில் உள்ள வங்குகள் ஒரே அளவு. அணியத்தையும் அமரத்தையும் நோக்கிப் போகப் போக ஒவ்வொரு வங்கும் முந்தையதைவிடக் கொஞ்சம் ஒடுங்கி, கொஞ்சம் உயர வேண்டும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பது பலகையில் வரிசையாகக் கீறிய கோடுகளாக இருக்கும். தாளில் வரைபடம் கிடையாது. ஒரு மனிதர் கையில் பிடிக்கும் பலகையில் முழுப் படகும் அடங்கிவிடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு வெனிஸ் கப்பல் தச்சர்களின் கையேடுகளிலும் இதே வகைக் கணக்கு காணப்படுகிறது.

ஓடாவியோடு இந்தப் பலகையும் போய்விட்டால் மீட்பு வேலை தொல்லியல் வேலையாகிவிடும். அப்படி ஒன்றை அண்மையில் பார்த்தோம். இந்தியக் கடற்படை 2025 மே 21 அன்று கார்வாரில் சேர்த்துக்கொண்ட 'கௌண்டின்யா', கயிற்றால் தைத்துக் கட்டிய பாய்மரக் கப்பல். கேரளத்துப் பாபு சங்கரன் தலைமையிலான தச்சர்களுக்குத் தைக்கத் தெரிந்திருந்தது. ஆனால் கப்பலின் வடிவத்துக்குக் கிடைத்த ஆதாரம் ஐந்தாம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்றுதான். ஓவியத்திலிருந்து உடலை ஊகித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரி செய்து நீரில் சோதித்துத்தான் மேலே போக முடிந்தது. கைவேலை எஞ்சியிருந்தது, அளவு எஞ்சவில்லை.

பாக் விரிகுடாக் கரையில் நாம் இன்னும் அந்தக் கட்டத்துக்கு வந்துவிடவில்லை. மரப்படகு வைத்திருப்போரும் மராமத்து செய்வோரும் இருக்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாற்றுக்கும் தொல்லியலுக்கும் ஒரு துறை இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கரையேறி நிற்கும் ஒரு பழைய படகை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. அணியத்திலிருந்து அமரம்வரை நடுவே ஒரு நூல் கட்ட வேண்டும். ஒவ்வொரு வங்கிலும் தூக்குக்குண்டு விட்டு, நான்கு உயரங்களில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள தூரத்தைக் குறிக்க வேண்டும். வங்குகளின் இடைவெளி, இரு முனைகளின் சாய்வு, பாய்மரம் நிற்கும் இடம், எந்த உறுப்புக்கு எந்த மரம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஓடாவியிடம் அளவுப்பலகை இருந்தால் அதன் கோடுகளைத் தாளில் பதித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவும் இருந்தால் ஐம்பது ஆண்டு கழித்து வேறொரு தச்சர் வேறொரு மரத்தில் அதே படகை எழுப்ப முடியும். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு நாள் வேலை. படகை விறகுக்கு உடைப்பதற்கு முந்தின நாள்கூட அதற்கு நேரம் இருக்கிறது.